‘100 வாட்டுக்குச் சமம்’: ஊர்வன வளர்ப்போர் கவனத்துக்கு

இலண்டனின் ஹாரோ பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் மகன் ஒரு பியர்டட் டிராகன் வளர்க்கிறான். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தைச் சேர்ந்த அது, நம்மூர் வேலி ஓணானுக்குத் தூரத்து உறவு. 2022 அக்டோபரில் மின்கட்டணம் யூனிட்டுக்குச் சுமார் 34 பென்ஸ் ஆனபோது, அது வாழும் பெட்டிக்கு மட்டும் என்ன செலவாகிறது என்று கணக்குப் பார்த்தேன். வெயில் காய்வதற்கான 100 வாட் ஹாலஜன் விளக்கும் 39 வாட் யு.வி.பி. (புற ஊதாக் கதிரில் ஒரு வகை) குழல்விளக்கும் 12 மணி நேரம் எரிவதும், இரவில் பீங்கான் ஹீட்டர் விட்டுவிட்டு இயங்குவதும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 2.2 யூனிட் ஆனது. மாதத்துக்கு 22 பவுண்டுக்கு மேல்.

இந்தக் கவலையைச் சொன்னதும், ஊர்வனப் பொருள்கள் விற்கும் கடைக்காரர் ஒருவர் 25 வாட் எல்.ஈ.டி. விளக்கு ஒன்றை எடுத்து வைத்தார். வெப்பம், வெளிச்சம், யு.வி.பி. மூன்றையும் இந்த ஒன்றே தரும் என்றார். அட்டைப்பெட்டியிலும் ‘100 வாட்டுக்குச் சமம்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. விலை 45 பவுண்டு; பழைய விளக்கையும் குழலையும் கொடுத்தால் ஐந்து பவுண்டு தள்ளுபடி. நானும் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அதுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம். ஒப்பிட்டுப் பார்க்கக்கூட வீட்டில் பழைய விளக்கு மிஞ்சவில்லை.

இரண்டாம் வாரத்திலிருந்து ஓணான் வெட்டுக்கிளிகளைத் தொடவில்லை. உடல் கருத்து, விளக்குக்கு நேர் கீழே கல்லோடு கல்லாக ஒட்டிப் படுத்துக் கிடந்தது. கடைக்காரரிடம் கேட்டதற்கு, ‘குளிர்காலத்தில் இவை இப்படித்தான் மந்தமாகும், விட்டுவிடுங்கள்’ என்றார். இந்த இனம் குளிர்காலத்தில் உறக்கநிலைக்குப் போவது உண்மைதான் என்பதால் நம்பினேன். ஐந்தாம் வாரத்தில் அதன் கால்விரல்கள் நடுங்குவதை மகன் காட்டினான். அன்றுதான் வெப்பமானித் துப்பாக்கியை எடுத்து அந்தக் கல்லை அளந்தேன்: 27 டிகிரி. இருக்க வேண்டியது 40 டிகிரி அளவு. யு.வி. அளவி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வந்து விளக்கின் கீழே பிடித்தார். எண் பூஜ்யத்தை விட்டு அசையவே இல்லை. கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறிவு எதுவும் இல்லை, ஆனால் எலும்பு நலிவின் தொடக்கம் தெரிகிறது என்று சொல்லிக் கால்சியம் கொடுத்தார். யு.வி.பி. இல்லாவிட்டால் இந்த உயிரின் உடலில் வைட்டமின் டி3 போதிய அளவு உருவாகாது. அது இல்லாமல் தின்ற கால்சியமும் எலும்பில் சேராது.

ஏமாற்று முழுவதும் அந்த ‘சமம்’ என்ற ஒரே சொல்லில்தான் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் கணக்கு, வெப்பத்துக்குப் பொருந்தாது. 25 வாட் மின்சாரம் உள்ளே போனால் 25 வாட்டுக்கு மேல் எதுவும் வெளியே வராது, அதிலும் எல்.ஈ.டி.யின் வெப்பத்தில் பெரும்பகுதி பின்புறத்து அலுமினியத் தகட்டில் தங்கிவிடும். ஹாலஜன் வீணாக்குவதாக நாம் திட்டும் அகச்சிவப்புக் கதிரைத்தான் ஓணான் முதுகில் வாங்கிக்கொள்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பெட்டி திறந்த பொருளை வாங்குவதில்லை என்று கடைக்காரர் கைவிரித்தார். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சொன்னதற்கு மாறான பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். ஆனால் உறக்கநிலை என்ற சமாதானத்தை நம்பி அந்தக் கெடுவைத் தவறவிட்டிருந்தேன். பிறகு பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோதான் முதலில் கேட்க முடியும், அதே விளக்கை இன்னொன்று வாங்கி என்ன செய்வது? கடைசியில், டெபிட் கார்டில் கட்டியிருந்ததால், அட்டைப்பெட்டியின் படத்தையும் அளவீடுகளின் படங்களையும் அனுப்பி வங்கி மூலம் பணத்தை மீட்டேன். மருத்துவச் செலவு போனது போனதுதான்.

உண்மையில் செலவைக் குறைத்தவை வேறு. ஓணானின் பெட்டியை வெளிச்சுவரோரத்திலிருந்து நகர்த்தி, பின்புறமும் பக்கங்களும் வெளியிலிருந்து வெப்பக்காப்புப் பலகை ஒட்டினேன்; காற்றுத் துளைகளை மட்டும் மூடவில்லை. அதன்பின் அதே கல்லை 40 டிகிரிக்குக் கொண்டுவர 75 வாட் ஹாலஜன் போதுமானதாயிற்று. சூடு கூடினால் விளக்கைத் தானே மங்கச்செய்யும் வகைத் தெர்மோஸ்டாட்டில் அதை இணைத்தேன். குளிர்காலத்தில் பகல் 10 மணி நேரம் போதும் என்றும், வீடு 18 டிகிரிக்குக் கீழே இறங்காதவரை இரவு ஹீட்டர் தேவையில்லை என்றும் மருத்துவர் சொன்னார். யு.வி.பி. குழலில் மட்டும் கை வைக்கவில்லை, புதிதாகவே வாங்கினேன். இப்போது பிளக்கில் செருகும் மின் அளவி நாளொன்றுக்கு 1.1 யூனிட் காட்டுகிறது, பழைய செலவில் பாதி.

அந்த 25 வாட் விளக்கைக் கடைக்காரர் திருப்பிக் கேட்கவே இல்லை. இலேசான ஊதா நிறத்தில் எரியும் அதைச் சமையலறைச் சன்னலோரம், குளிரில் இலை உதிர்த்துக்கொண்டிருந்த கறிவேப்பிலைத் தொட்டிக்கு மேலே மாட்டியிருக்கிறேன். அங்கே இரண்டு துளிர் வந்திருக்கிறது.