பம்பை மட்டும் மாற்றித் தரும் பட்டறைகள்: சின்ன டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

டிராக்டரில் ஆயிலை அழுத்தித் தள்ளிப் பின்கருவியைத் தூக்க வைக்கும் ஹைட்ராலிக் பம்ப் ஒரு தடவை போனால் அது பம்பின் கோளாறாகவே இருக்கலாம். புதுசு போட்ட பிறகும் அதே மாதிரி போனால், பம்பைக் கொல்கிற ஏதோ ஒன்று வண்டிக்குள் இருக்கிறது என்று அர்த்தம். இதைத் தேடவே தேடாமல் எனக்குப் பம்புக்கு மேல் பம்பாக விற்ற ஒரு பட்டறையைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம். அவர்கள் வேலை செய்யும் விதம் தெரிந்தால் போதும், வேறு இடத்திலும் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

ஆரம்பத்தில் லிஃப்ட் (பின்னால் கருவியைத் தூக்கும் கைகள்) மெதுவானது. காலையில் நன்றாகத் தூக்கும். ஆயில் சூடேறியதும், மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரைத் தூக்கத் திணறும். இது தேய்ந்த பம்பின் அறிகுறிதான், மறுக்கவில்லை. சூட்டில் ஆயில் இளகி, பம்புக்குள் தேய்ந்த கியர்களின் இடைவெளி வழியே உள்ளுக்குள்ளேயே திரும்பி வழிந்துவிடும். (தூக்கிய பிறகு, எஞ்சினை நிறுத்தியதும் தானாகக் கீழே இறங்கினால் பம்பைத் தொடவே வேண்டாம். அது சிலிண்டர் சீல் அல்லது வால்வு வேலை. இதற்கும் பம்ப் மாற்றச் சொல்வார்கள், ஜாக்கிரதை.)

பட்டறைக்காரர் லிவரை இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார். "பம்ப் போச்சு சார், மாத்திடலாம்." கேஜ் வைத்து பிரஷர் பார்க்கவில்லை, ஃபில்டரைக் கழற்றவில்லை. மாற்றினார்கள், குறைந்த ஆயிலை மேலே ஊற்றினார்கள், பில் கொடுத்தார்கள். புதுப் பம்பைக் காய்ந்தபடியே பொருத்தி, ஸ்டார்ட் செய்தவுடன் ஆக்சிலரேட்டரை முறுக்கியதையும் பார்த்தேன். பம்புக்குள் கொஞ்சம் ஆயில் விட்டுப் பொருத்தி, சுமையில்லாமல் சில நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட வேண்டும். ஆயில் வந்து சேருவதற்குள் வேகமாகச் சுழன்றால் கியரும் அதன் அச்சைத் தாங்கும் புஷ்ஷும் முதல் நிமிடத்திலேயே உரசிக் காயம்படும்.

கொஞ்ச நாளில் ஊளைச் சத்தம் ஆரம்பித்தது, அப்புறம் லிஃப்ட் பழையபடி திணறியது. திரும்பப் போனால், "நீங்க ஊத்துற ஆயில் சரியில்ல" என்றார்கள். அந்த ஆயிலை ஊற்றியதே அவர்கள்தான், பில்லிலும் இருக்கிறது. அதைக் காட்டியதும் பேச்சு மாறி, "இந்த லாட் பம்பே அப்படித்தான்" என்றானது. இன்னொரு பம்ப், இன்னொரு பில். கழற்றிய பம்பைக் கேட்டால் பழைய இரும்புக்குப் போய்விட்டதாம்.

அடுத்து செய்ததுதான் மோசம். புதுப் பம்பிலும் தூக்கும் வேகம் போதவில்லை என்றதும், ரிலீஃப் வால்வு ஸ்க்ரூவை இறுக்கிவிட்டார்கள். என்னிடம் சொல்லவும் இல்லை, பில்லில் எழுதவும் இல்லை. ரிலீஃப் வால்வு என்பது பிரஷர் எல்லை மீறும்போது ஆயிலைத் திருப்பிவிடும் காவல். அதை இறுக்கினால் வேகம் கூடாது. வேகம் பம்ப் தள்ளும் ஆயில் அளவைப் பொறுத்தது. கூடுவது பிரஷர் மட்டும்தான். எடை அதிகமானால் வால்வு திறப்பதற்குப் பதில் பம்பும் ஹோஸும் அடி வாங்கும். அந்தப் பம்ப் முந்தையதை விடச் சீக்கிரம் போனது.

இந்த முறை பழைய பம்பை விடாமல் வாங்கிக்கொண்டு, வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் முதலில் கழற்றியது ஸ்ட்ரெய்னரை, அதாவது பம்புக்குப் போகுமுன் ஆயிலை வடிகட்டும் வலையை. அதன் வலையில் பளபளவென்று உலோகத் தூள், கூடவே இணைப்பில் கசியாமலிருக்கப் பூசும் கேஸ்கெட் பசைத் துண்டுகள். முதல் தடவை பம்ப் மாற்றியபோது அளவுக்கு மீறிப் பூசி, உள்ளே பிதுங்கிய பசை அது. பெரும்பாலான சின்ன டிராக்டர்களில் கியர் பாக்ஸ் ஆயிலும் ஹைட்ராலிக் ஆயிலும் ஒன்றே. வண்டியின் பின் ஹவுசிங்கே (கியர்களை மூடியிருக்கும் இரும்புக் கூடு) டேங்க். செத்த பம்ப் உதிர்த்த தூள் முழுக்க அதற்குள்தான் கிடக்கும். பம்ப் ஆயிலை இழுக்கும் பக்கத்தில், அதாவது சக்ஷனில், உள்ள ஸ்ட்ரெய்னரின் கண் பெரியது, பொடித் தூள் தாண்டிவிடும். பம்புக்குள் இருக்கும் இடைவெளியோ முடியை விட மெல்லியது. ஆயிலை முழுக்க வடிக்காமல், ஹவுசிங்கைக் கழுவாமல், ஃபில்டர் மாற்றாமல் பம்ப் போட்டால் பழைய பம்பின் தூளே புதுப் பம்பைத் தின்னும்.

ஆனால் இது எல்லாவற்றுக்கும் மூலம் சக்ஷன் பைப் சேரும் இடத்தில் காய்ந்து கல்லாகிப்போன ஓர் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்). சக்ஷன் பக்கம் பழுதென்றால் பெரும்பாலும் வெளியே சொட்டாது, பம்ப் காற்றை உள்ளே இழுக்கும். அதனால் தேடுகிறவர் கண்ணில் எதுவும் படாது. ஓடி நிறுத்தியதும் டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) நுரை, லிவர் தொட்டால் குலுக்கல், ஊளை: இவை காற்றின் அடையாளம். இரவு நின்ற பிறகு நுரை அடங்கி ஆயில் தெளிந்தால் காற்று. அப்போதும் பால் போலவே இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த மெக்கானிக் எஞ்சின் ஓடும்போதே அந்த இணைப்பைச் சுற்றிக் கெட்டியாக கிரீஸ் அப்பினார். ஊளை சட்டென்று குறைந்தது. இவ்வளவுதான் சோதனை. (பம்ப் ஆயிலைத் தள்ளும் பிரஷர் பக்கக் கசிவை மட்டும் எக்காரணம் கொண்டும் கையால் தடவிப் பார்க்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத பீச்சல்கூடத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையையே இழக்க நேரலாம். ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.)

பிரித்த பம்ப் கதை முழுவதையும் சொன்னது. கியர் பக்கத் தட்டுகளில் கோடு கோடாகக் கீறல்: தூள். சின்னச் சின்னக் குழிகள்: காற்று. சக்ஷன் பக்க உடலில் லேசான தேய்மானம் எல்லாப் பம்பிலும் இருக்கும், இதில் நகம் மாட்டும் ஆழத்துக்குப் பள்ளம்: இறுக்கிய ரிலீஃப். சூட்டில் நீலம் பாய்ந்திருந்தால் ஆயிலில்லாமல் ஓடியது என்று அர்த்தமாம். இதில் அது இல்லை. கேஜ் போட்டுப் பார்த்தபோது பிரஷர் மானுவலில் சொன்னதை விட நிறையவே மேலே நின்றது. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதை மானுவலில் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டறைக்காரர் வாய்மொழியை நம்ப வேண்டாம்.

ஆகவே, யார் பம்ப் மாற்றச் சொன்னாலும் முதலில் கேஜில் முள்ளைக் காட்டச் சொல்லுங்கள். ஸ்ட்ரெய்னர் உங்கள் கண்ணெதிரே கழறட்டும். பழைய பம்ப் உங்களுடையது, கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். பில்லில் "பம்ப் மாற்றியது" என்ற ஒற்றை வரி போதாது. ஆயில் வடித்தது, ஃபில்டர், ரிலீஃப் செட்டிங் என்று செய்தது எல்லாம் எழுத்தில் வர வேண்டும். பம்ப் வாரண்டி பெரும்பாலும் அழுக்கு ஆயிலால் வந்த சேதத்தை ஏற்காது. கழுவிப் போட்டதற்கு ஆதாரம் இல்லையென்றால் பழி உங்கள் மேல்தான் விழும்.

பட்டறைக்கு பில் நகல்களையும் பிரித்த பம்பின் படங்களையும் வைத்து, பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியிருக்கிறேன். கடைசிப் பம்பின் கூலியை மட்டும் திருப்பித் தருவதாகப் போனில் சொன்னார்கள். எழுத்தில் தரச் சொன்னேன், அதற்குப் பதில் இல்லை. வந்தால் சொல்கிறேன்.