வயோமிங்கும் ஒரு கட்டம், கலிஃபோர்னியாவும் ஒரு கட்டம்

இது ஒரு வினாடி வினா ஆட்டம். பெயர் போடாத அமெரிக்க வரைபடம். 50 மாநிலங்கள், கூடவே தலைநகர் வாஷிங்டன் டி.சி., ஆக 51 கட்டம். ஒவ்வொன்றையும் தொட்டு, அதிபர் தேர்தலில் அதற்கென்று ஒதுக்கிய எலக்டோரல் ஓட்டு எத்தனை என்று எண்ணைத் தட்ட வேண்டும். நேரம் 5 நிமிடம். ஒரு கட்டத்துக்கு 6 வினாடிகூடத் தேறாது. மொத்தம் 538, ஜெயிக்க 270 என்பது தேர்தல் ராத்திரி டிவி பார்த்த யாருக்கும் தெரியும். இந்த ஆட்டத்தில் அதற்கு ஒரு மார்க்கும் கிடையாது. எந்த வரிசையில் நிரப்புகிறோம் என்பதில்தான் சூட்சுமம். நான்கு வழிகளில் மாற்றி மாற்றி ஆடிப் பார்த்தேன்.

முதல் தடவை ஆடுகிறவர்கள் பெரிய மாநிலங்களில்தான் கைவைப்பார்கள். நானும் அப்படித்தான். கலிஃபோர்னியா 54, டெக்சஸ் 40, ஃப்ளோரிடா 30, நியூயார்க் 28, இல்லினாய்ஸும் பென்சில்வேனியாவும் தலா 19. ஆறே மாநிலத்தில் 190 ஓட்டு! வேட்பாளருக்கு அது பெரிய அறுவடை. நமக்கோ 51-ல் 6 கட்டம், அவ்வளவுதான். அடுத்து ஒஹாயோ 17, ஜார்ஜியாவும் வட கரோலினாவும் 16, மிஷிகன் 15, நியூ ஜெர்சி 14, வர்ஜீனியா 13, வாஷிங்டன் 12 என்று படிப்படியாக இறங்கலாம். அதற்குக் கீழேதான் கால் இடறும். 11 ஓட்டு நான்கு மாநிலங்களுக்கு, 10 ஓட்டு ஐந்துக்கு. எது எதில் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே டைமர் முடிந்துவிட்டது. வடகிழக்கு மூலை அப்படியே வெள்ளையாகக் கிடந்தது.

இதற்கு நேர் எதிர், கீழிருந்து தொடங்குவது. ஒரு மாநிலத்துக்கு மக்கள்தொகைப்படி பிரதிநிதிகள் சபையில் எத்தனை பிரதிநிதிகளோ அத்துடன் இரண்டு செனட்டர்களைக் கூட்டினால் அதன் ஓட்டு. எவ்வளவு சின்ன மாநிலமானாலும் ஒரு பிரதிநிதி உண்டு என்பதால் 3-க்குக் கீழே போகாது. அந்த 3-இல் ஏழு பேர்: அலாஸ்கா, இரண்டு டகோட்டாக்கள், வயோமிங், வெர்மாண்ட், டெலவேர், பிறகு 1961-இல் அரசியலமைப்பின் 23-ஆவது திருத்தத்தால் ஓட்டு பெற்ற டி.சி. 4-இலும் ஏழு பேர்: ஹவாய், ஐடஹோ, மொன்டானா, மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், ரோட் ஐலண்ட், மேற்கு வர்ஜீனியா. இந்தப் பதினான்கையும் கூட்டினால் 49. கலிஃபோர்னியா ஒன்றுக்குக்கூட ஈடாகாது. ஆனால் ஆட்டத்தில் 14 கட்டம், கால்வாசிக்கும் மேல். எண்ணை யோசிக்கவே வேண்டாம், ஒரே விசையைத் தட்டிக்கொண்டே போகலாம். குறை ஒன்றுதான்: கண் அலாஸ்காவிலிருந்து டெலவேருக்குத் தாவ வேண்டும். கைபேசியில் ரோட் ஐலண்டைத் தொடப் போனால் கனெக்டிகட்டில் விரல் விழும். டி.சி. இன்னும் மோசம், வெறும் புள்ளி.

பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் வெர்மாண்டும் நியூ ஹாம்ப்ஷயரும் எனக்குப் பல நாள் தண்ணி காட்டின. பிறகு உருவத்தைப் பார்த்துப் பிடித்துக்கொண்டேன். தலை பெருத்து அடி சிறுத்திருப்பது வெர்மாண்ட், 3. தலை சிறுத்து அடி பெருத்திருப்பது நியூ ஹாம்ப்ஷயர், 4.

மூன்றாவது வழி, துடைப்பம் போடுகிற மாதிரி வரைபடத்தை ஓரத்திலிருந்து கூட்டிக்கொண்டே வருவது. தாவல் இல்லை, எதுவும் விட்டுப்போகாது. எண்களும் வாய்ப்பாடு மாதிரி நாக்கில் உட்கார்ந்துவிடும். பசிபிக் கரை மேலிருந்து கீழே 12, 8, 54. கனடா எல்லையிலிருந்து நடுவே நேராகத் தெற்கே இறங்குங்கள்: வட டகோட்டா 3, தென் டகோட்டா 3, நெப்ராஸ்கா 5, கன்சாஸ் 6, ஒக்லஹோமா 7, டெக்சஸ் 40. ஏறிக்கொண்டே வந்து கடைசியில் ஒரே குதி. அதற்குக் கிழக்கே மின்னசோட்டாவிலிருந்து லூசியானா வரை 10, 6, 10, 6, 8. இதைப் பேருந்தில் முணுமுணுத்துக்கொண்டு வந்தால் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு மாதிரிதான் பார்ப்பார். அட்லாண்டிக் கரையில் ஜார்ஜியா, இரண்டு கரோலினாக்கள் 16, 9, 16. நியூ ஜெர்சி நியூயார்க்கில் சரிபாதி. இந்த வழியிலும் ஆபத்து உண்டு. ஒரு கண்ணி மறந்தால் சங்கிலி முழுக்க நின்றுவிடும். மேற்கிலிருந்து வந்தால் நுணுக்கமான வடகிழக்கு மூலை, நேரம் நெருக்கும்போதுதான் வரும்.

நான்காவது, அகர வரிசை. வரைபடம் இல்லாமல் வெறும் பட்டியல் கொடுத்தால் வேறு வழியில்லை. வரைபடம் இருக்கும்போது இதைத் தொடவே வேண்டாம். ஆங்கில எம்-இல் எட்டு மாநிலம், என்-இல் எட்டு. அந்தப் பதினாறில் மாட்டினால் மீள்வது கஷ்டம்.

எந்த வழியானாலும் பழைய எண் காலை வாரும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு 13 மாநிலங்களின் எண் மாறியது. டெக்சஸ் 38-இலிருந்து 40, மொன்டானா 3-இலிருந்து 4. கலிஃபோர்னியா 55-இலிருந்து 54. நியூயார்க் வெறும் 89 பேர் போதாமல் ஒரு பிரதிநிதி இடத்தை இழந்தது. புது எண்கள் 2024, 2028 தேர்தல்களுக்கு. சில வினாடி வினாக்கள் இன்னும் பழைய கணக்கிலேயே ஓடுகின்றன, அதனால் கலிஃபோர்னியாவுக்கு 54 போட்டுப் பாருங்கள். சிவப்பு வந்தால் மூளையை 2020-க்குத் திருப்ப வேண்டியதுதான்.

இப்போது நான் ஆடுவது கலவை. நிதானம் இருக்கும்போதே 3-உம் 4-உம், அதிலும் வடகிழக்குப் பொடிசுகள் முதலில். பிறகு மேற்குக் கரையிலிருந்து துடைப்பம். பெரிய மாநிலங்களுக்குத் தனி நேரம் ஒதுக்குவதே இல்லை, 54-ஐயும் 40-ஐயும் யார் மறக்கப் போகிறார்கள், வழியில் தானாக வரும். மூன்று வினாடிக்கு மேல் யோசிக்க வைத்தால் விட்டுவிட்டு நகர்கிறேன். கடைசிப் பத்து வினாடியில் நடுத்தர மாநிலம் ஏதாவது காலியாக இருந்தால், மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே என்றால் 6 என்று தட்டிவிடுகிறேன். நெவாடா, யூட்டா, கன்சாஸ், அயோவா, ஆர்கன்சா என்று 6 ஓட்டுள்ள ஆறில் ஐந்து அந்தப் பக்கம்தான். ஆறாவது மிசிசிப்பி மாநிலம், ஆற்றின் கிழக்குக் கரையில்.