மில்லிங் மெஷினுக்கு சிங்கிள் ஃபேஸ் டிரைவ்: வாங்கலாம், ஆனால் வயரிங்கைப் பார்த்து

கோவையில் வீட்டை ஒட்டிச் சின்னதாகப் பட்டறை போட்டிருப்பவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான். த்ரீ ஃபேஸ் லைன் இல்லாத இடத்தில் எம்1டிஆர் மாடல் மில்லிங் மெஷினை டிரைவ் (ஃபிரீக்வென்ஸியை மாற்றி மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி பெட்டி) போட்டு ஓட்டலாமா, ஆன்லைனில் விலை குறைவாகக் கிடைக்கும் 2.2 கிலோவாட் பெட்டி தாங்குமா? தாங்குகிறது. எங்கள் பட்டறையில் 2 ஹெச்பி மோட்டாரை அந்தப் பெட்டிதான் ஓட்டுகிறது, தினமும் வேலை நடக்கிறது. பிராண்ட் பெயர் சொல்லப் போவதில்லை, ஒரே பெட்டியை ஸ்டிக்கர் மாற்றி நாலைந்து பெயரில் விற்கிறார்கள். 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் கொடுத்தால் 230 வோல்ட் த்ரீ ஃபேஸ் வெளியே தரும் வகை என்று புரிந்துகொண்டால் போதும்.

இந்தப் பெட்டிகளைப் பற்றி வரும் கெட்ட பெயரில் பாதிக்கு மேல் பெட்டிமேல் போடக்கூடாது என்பது என் கருத்து. "இழுக்கவே மாட்டேங்குது" என்பார்கள். மோட்டாரின் டெர்மினல் பாக்ஸைத் திறந்து பாருங்கள். மேல் வரிசையில் W2, U2, V2, கீழ் வரிசையில் U1, V1, W1 என்று ஆறு ஸ்டட் இருக்கும். மேல் வரிசை மூன்றையும் குறுக்கே ஒரு பித்தளைப் பட்டை இணைத்திருந்தால் அது ஸ்டார், அதாவது மூன்று வைண்டிங்கின் ஒரு முனையும் ஒரே முடிச்சில் சேர்ந்திருக்கும். நம் ஊரில் சின்ன மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட் ஸ்டாரில்தான் வருகின்றன. அதை அப்படியே 230 வோல்ட் டிரைவில் மாட்டினால் பாதி வோல்டேஜில் ஓடும் மோட்டார் எப்படி இழுக்கும்? பட்டைகளைக் கழற்றி, மேலும் கீழுமாக மூன்று செங்குத்து இணைப்பு போட்டால் டெல்டா, 240 வோல்ட் மோட்டார் ஆகிவிடும். வெளியே மூன்று வயர் மட்டும் வரும் மோட்டார் என்றால் ஸ்டார் முடிச்சு வைண்டிங்குக்குள்ளேயே இருக்கலாம், அதை ரீவைண்டிங் கடையில்தான் பிரித்து வெளியே எடுக்க வேண்டும். வாங்குவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

டெல்டாவுக்கு மாற்றியதும் கரண்டும் மாறும். நேம் பிளேட்டில் 415 வோல்ட்டுக்கு 3.4 ஆம்பியர் என்று இருந்தால் டெல்டாவில் ஏறத்தாழ 5.9. பழைய எண்ணையே டிரைவின் பாராமீட்டரில் (செட்டிங்கில்) கொடுத்துவிட்டு, கொஞ்சம் ஆழமாகக் கட் எடுத்தவுடன் ஓவர்லோடு ட்ரிப் வருகிறது என்று டிரைவைத் திட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது வேறு. ஃபேஸ் மில் என்ற கனமான கட்டரைப் போட்டு ஓட்டிவிட்டு ஸ்டாப் அழுத்தினால் ஓவர்வோல்டேஜ் என்று காட்டி டிரைவ் நின்றுவிடும், கட்டர் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். விற்றவரிடம் கேட்டதற்கு, போனிலேயே "போர்டு போயிருச்சுங்க, அனுப்பி வைங்க" என்றார். மெஷின் என்ன, என்ன கட்டர், எத்தனை விநாடியில் நிறுத்துகிறீர்கள் என்று ஒரு கேள்விகூட இல்லை. போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. டிஸ்பிளேயில் டிசி பஸ் வோல்டேஜை (டிரைவின் உள்ளே கப்பாசிட்டரில் நிற்கும் டிசி வோல்டேஜை) காட்டும்படி வைத்துவிட்டு ஸ்டாப் கொடுத்துப் பார்த்தால் விஷயம் கண்ணெதிரே தெரிந்தது. சும்மா ஓடும்போது 325 பக்கம் இருக்கும் எண், ஸ்டாப் கொடுத்ததும் கிடுகிடுவென்று ஏறி 400ஐத் தொடும்போது ட்ரிப். கனமான கட்டரை ஒரே விநாடியில் நிறுத்தச் சொல்கிறோம், அந்த வேகத்தில் இருக்கும் சக்தி மோட்டார் வழியாகத் திரும்பி டிரைவின் கப்பாசிட்டரில்தான் போய்ச் சேர வேண்டும், அதற்குப் போக வேறு வழி இல்லை. டிசெலரேஷன் டைமை, அதாவது நிற்க எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கூட்டினோம், ட்ரிப் போய்விட்டது. சீக்கிரம் நிற்க வேண்டும் என்றால் அந்தச் சக்தியைச் சூடாக்கித் தீர்க்கும் பிரேக் ரெசிஸ்டர் போட வேண்டும். அதிலும் ஒன்று பார்க்கணும், சில மலிவுப் பெட்டிகளில் ரெசிஸ்டருக்கான டெர்மினல் வெளியே இருக்கும், உள்ளே அதை இயக்கும் பிரேக் டிரான்சிஸ்டரே இருக்காது. வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ட்ரிப் ஆனால் மெஷின் நின்றுவிடும் என்று நினைத்துக் கையை வைக்கும் பையன்கள் நிறையப் பேர். ட்ரிப் ஆனதும் டிரைவ் மோட்டாரை விட்டுவிடுகிறது, அவ்வளவுதான். பிடித்து நிறுத்த அதனால் முடியாது.

அடுத்தது மெஷினின் பழைய ஃபார்வர்டு ரிவர்ஸ் ஸ்விட்ச். வயர் செய்ய வந்த எலக்ட்ரீஷியன் டிரைவின் அவுட்புட்டை அந்த ஸ்விட்ச் வழியாகவே மோட்டாருக்குக் கொண்டுபோயிருந்தார். ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது அதைத் திருப்பினால் ஓவர்கரண்ட் ட்ரிப், அதுவும் நம் அதிர்ஷ்டம் நன்றாக இருந்தால். இல்லையென்றால் உள்ளே ஐஜிபிடி (மோட்டாருக்கு வோல்டேஜ் கொடுக்கும் பவர் டிரான்சிஸ்டர்) போய்விடும். டிரைவிலிருந்து மோட்டாருக்கு நேரடி வயர், நடுவில் ஸ்விட்சோ கான்டாக்டரோ எதுவும் கூடாது. பழைய ஸ்விட்சைத் தூக்கிப் போட வேண்டாம், அதன் காண்டாக்டை டிரைவின் கன்ட்ரோல் டெர்மினலுக்கு இழுத்துவிட்டால் அதே கைப்பிடியில் இரண்டு பக்கமும் ஓட்டலாம். ஆபரேட்டருக்குப் பழகிய கை, எதுவும் மாறியது தெரியாது.

அப்புறம் டிஆர்ஓ, டேபிள் எவ்வளவு நகர்ந்தது என்று ஸ்கேலிலிருந்து எடுத்து எண்ணில் காட்டும் டிஸ்பிளே. ஸ்பிண்டில் ஓடாதபோது ரீடிங் கல் மாதிரி நிற்கும், ஆன் செய்தவுடன் எக்ஸ் ஆக்சிஸில் கடைசி இரண்டு இலக்கம் துள்ளும். "அண்ணா, டேபிளைத் தொடவே இல்லீங்க, ரீடிங் தானா ஓடுது" என்றான் பையன். ஸ்கேல் கெட்டுவிட்டது என்று புது ஸ்கேலுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால், மோட்டார் வயரையும் ஸ்கேல் கேபிளையும் பாருங்கள். எங்கள் மெஷினில் இரண்டையும் ஒரே ஸ்லீவில் போட்டு டை கட்டியிருந்தார்கள். டிரைவ் தருவது வழவழப்பான ஏசி இல்லை, நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கும் வோல்டேஜ், பக்கத்தில் ஓடும் சிக்னல் வயரைச் சும்மா விடாது. மோட்டாருக்கு ஷீல்டு கேபிள் போட்டு, ஷீல்டை டிரைவ் பக்கமும் மோட்டார் பாடியிலும் எர்த் செய்து, ஸ்கேல் கேபிளை மெஷின் தூணின் மறுபக்கமாகக் கொண்டுபோனோம். கேரியர் ஃபிரீக்வென்ஸியையும், அதாவது டிரைவ் வோல்டேஜை வெட்டும் வேகத்தையும் கொஞ்சம் இறக்கினோம். மோட்டாரில் கீச்சென்ற சத்தம் கூடியது, ரீடிங் துள்ளுவது நின்றுவிட்டது.

வேகம் பற்றி: விளம்பரத்தில் 0 முதல் 400 ஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பதைப் பார்த்து பேக் கியரையும் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர்) பெல்ட்டையும் மறந்துவிடாதீர்கள். 12 மி.மீ. ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) எண்ட் மில்லுக்கு மைல்டு ஸ்டீலில் நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று வைத்தால் 660 ஆர்பிஎம் வரும், அதைச் சரியான புல்லியில் பெல்ட்டை வைத்து 40, 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் நன்றாக வெட்டுகிறது. அதே டிரைவில் 80 மி.மீ. ஃப்ளை கட்டரை 100 ஆர்பிஎம்முக்கு வெறும் ஹெர்ட்ஸைக் குறைத்துக் கொண்டுவந்தால் ஜாப்பில் முட்டி நிற்கும், மோட்டாரின் சொந்த ஃபேனும் மெதுவாகச் சுற்றுவதால் பாடி சுடும். பேக் கியரைப் போடுங்கள். 50க்கு மேலே 65, 70 வரை சின்னக் கட்டருக்கு ஓட்டுகிறோம், அங்கே இழுவை குறையும் என்று தெரிந்துதான். கட்டர் அதிரும் சத்தம் கேட்டால் நாபை ஒரு துளி திருப்பி, அதிர்வு போகும் இடத்தில் நிறுத்தும் வசதி இருக்கிறதே, அதற்காகவே இந்தப் பணம் தகும்.

குறைகளும் இருக்கின்றன. மேனுவல் படிக்கிற மாதிரி இல்லை, பாராமீட்டர் பட்டியலில் சில வரிகளுக்கு அர்த்தமே பிடிபடவில்லை. ஃபேன் மட்டமானது, காஸ்ட் அயர்ன் தூள் பறக்கும் இடத்தில் திறந்தபடி மாட்டினால் சீக்கிரம் அடைத்துக்கொண்டு ஓவர்ஹீட் காட்டும், கூலன்ட் தெறிக்காத உயரத்தில் காற்று போகும் பேனலுக்குள் வைக்க வேண்டும். சிங்கிள் ஃபேஸில் இழுப்பதால் சப்ளை வயரில் கரண்ட் மோட்டார் பக்கத்தைவிட அதிகம், 4 சதுர மி.மீ. வயருக்குக் குறையாமல் போடுங்கள். வயரிங்கில் கை வைக்கும்போது டிஸ்பிளே அணைந்ததை நம்பாதீர்கள். மெயினை ஆஃப் செய்து பத்து நிமிடம் பொறுத்து, டிசி டெர்மினலில் மீட்டர் வைத்து, எண் இறங்கிவிட்டதைப் பார்த்த பிறகு ஸ்க்ரூவைத் தொடுங்கள். மோட்டாரை மெகர் செய்வதாக (அதிக வோல்டேஜில் இன்சுலேஷன் பார்ப்பதாக) இருந்தால் டிரைவ் வயரைக் கழற்றிவிட்டுத்தான்.