ஃபுட்பால் மேனேஜர் 2024: அபராதம் போடும் முன் அவன் யாரோட ஆள் என்று பாருங்கள்

ஒரு கால்பந்து கிளப்பின் மேனேஜராக இருந்து நாமே அணியை நடத்தும் கம்ப்யூட்டர் கேம்தான் ஃபுட்பால் மேனேஜர், சுருக்கமாக எஃப்எம். 2023 நவம்பரில் வந்த கேமுக்கு இப்போது எதற்கு விமர்சனம் என்று கேட்கலாம். அடுத்த பதிப்பான எஃப்எம்25 வரவேயில்லை, 2025 பிப்ரவரியில் ரத்து என்று அறிவித்துவிட்டார்கள், அதனால் இரண்டு வருஷம் எல்லோரும் இந்த எஃப்எம்24-ஐத்தான் ஆடினோம். டாக்டிக்ஸ் (ஆட்ட வியூகம்) பற்றியும் யாரை வாங்கலாம் என்பது பற்றியும் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன, டிரெஸ்ஸிங் ரூமை எப்படிக் கட்டி மேய்ப்பது என்பதைப் பற்றி மட்டும் அதில் பாதிகூட இல்லை. எனக்கு இந்த கேமிலேயே பிடித்த பகுதி அதுதான்.

எஃப்எம்18-இல் வந்த 'டைனமிக்ஸ்' பக்கத்தைப் பலர் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். யார் சொன்னால் அணி கேட்கும், யார் சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள் என்பதை அங்கே அடுக்கடுக்காகக் காட்டுகிறார்கள், பக்கத்திலேயே யார் யாரோடு சேர்ந்திருக்கிறார்கள் என்ற குழுக்களும் இருக்கின்றன. நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு ஒழுங்கு நடவடிக்கையும் இந்தப் பக்கத்தின் வழியாகத்தான் போய்ச் சேருகிறது.

ஒரு ரெட் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் ஒருவர் எதிரணி ஆளை அடித்து வெளியேறினால் மூன்று மேட்ச் தடை, உங்கள் கையில் இருப்பது அதற்கு மேல் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதுதான். எச்சரித்து விடலாம், ஒரு வாரச் சம்பளத்தைப் பிடிக்கலாம், கோபம் தீரவில்லையென்றால் இரண்டு வாரம் வரை போகலாம். இதையே பத்தொன்பது வயசுப் பையன் மேல் செய்தால் அவன் முணுமுணுத்துவிட்டு அடங்கிவிடுவான். அந்தப் பக்கத்தில் அடுக்கின் உச்சியில் இருக்கும் சீனியர் மேல் செய்து, அவர் அது நியாயமில்லை என்று நினைத்தால், அவரோடு அது நிற்காது, அவர் குழுவில் இருப்பவர்களின் மொரேலும் (மன உற்சாகமும்) சேர்ந்து சரியும், பிரச்சினை முற்றினால் உங்களைத் தேடியே வந்து நிற்பார்கள். நீங்கள் அந்த கிளப்புக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, தொடர்ந்து தோற்றுக்கொண்டும் இருக்கிறீர்கள் என்றால் அவர்கள் பக்கம்தான் கூட்டம் சேரும்.

இதெல்லாம் மிகையாகத் தெரிந்தால் 2010 உலகக் கோப்பையில் பிரான்சுக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். மெக்சிகோ மேட்ச்சின் இடைவேளையில் கோச் டொமெனெக்கைத் திட்டியதற்காக அணி வீரர் அனெல்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள், மறுநாளே கேப்டன் எவ்ரா உட்பட மொத்த அணியும் தென்னாப்பிரிக்காவின் நைஸ்னா மைதானத்தில் பயிற்சி செய்ய மறுத்துவிட்டது, அவர்கள் எழுதிக் கொடுத்த அறிக்கையை அந்த கோச்சே கேமராக்களுக்கு முன் நின்று வாசித்தார். குரூப்பில் கடைசி இடம். தண்டனை சரியா தப்பா என்பதை விட, தண்டிக்கும்போது அணி யார் பக்கம் நின்றது என்பதுதான் அங்கே முடிவைத் தீர்மானித்தது. இந்த கேமைச் செய்தவர்களுக்கு அது நன்றாகவே தெரிந்திருக்கிறது.

அப்புறம் குணம். ஒரு வீரரின் டிட்டர்மினேஷன் (விடாமுயற்சி), அக்ரஷன் (ஆவேசம்) எல்லாம் எண்ணாகவே தெரியும், ஆனால் புரொஃபஷனலிசம் (தொழில் ஒழுக்கம்), டெம்பரமென்ட் (நிதானம்), கான்ட்ரவர்சி (சர்ச்சையில் இறங்கும் சுபாவம்) மாதிரியான முக்கியமானவை மறைந்தே இருக்கும். 'மாடல் புரொஃபஷனல்', 'டெம்பரமென்டல்' என்று ஒன்றிரண்டு வார்த்தையில் வரும் குறிப்பை வைத்து நாமே ஊகிக்க வேண்டும். என் கருத்து என்னவென்றால், ஒழுக்கப் பிரச்சினையில் பாதியை டிரான்ஸ்ஃபர் சமயத்திலேயே, அதாவது வீரரை வாங்கும்போதே, தீர்த்துவிடலாம். திறமை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று நல்ல குணமுள்ள ஒரு சீனியரை எடுத்து, சீனியரின் குணம் இளையவர்களுக்கும் தொற்றிக்கொள்வதற்காக இருக்கும் மென்டரிங் குழுவில் இளைஞர்களோடு போட்டுவிடுங்கள். பலன் மெதுவாகத்தான் தெரியும், ஆனால் அபராதத்தால் ஒருவன் திருந்தியதை விட இப்படித் திருந்தியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மொரேல் சரிவதற்குப் பெரிய காரணம் சண்டை கூட இல்லை, வாக்குறுதிதான். ஒப்பந்தத்தில் 'ஸ்டார் பிளேயர்' என்று எழுதிவிட்டு பெஞ்சில் உட்கார வைத்தால் நிச்சயம் கதவைத் தட்டுவார். அந்த நேரத்தில் ஆளைச் சமாளித்து அனுப்புவதற்காக 'அடுத்த டிரான்ஸ்ஃபர் விண்டோவில் டிஃபென்ஸைப் பலப்படுத்துகிறேன்' என்று தலையாட்டிவிடாதீர்கள், கேம் அதைக் குறித்து வைத்துக்கொள்ளும், கெடு முடியும்போது கேட்கும். முடியாததை முடியாது என்று அப்போதே சொன்னால் கொஞ்ச நாள் முகம் தூக்கி வைத்திருப்பார், அவ்வளவுதான். பயிற்சியில் நன்றாகச் செய்தவரை உடனே பாராட்டுவது செலவே இல்லாத மருந்து. அதையே எதற்கெடுத்தாலும் செய்தால் மதிப்பு போய்விடும், ஒரு கட்டத்தில் எரிச்சலாகக்கூட எடுத்துக்கொள்வார்கள்.

சரி, குறைகள். உரையாடல்தான் முதல் குறை. நாலைந்து பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கொஞ்ச சீசன் ஆடிவிட்டால் எதைத் தொட்டால் என்ன வரும் என்று மனப்பாடமாகிவிடுகிறது. நீங்கள் சொல்ல நினைக்கும் நியாயமான காரணம் அந்தப் பட்டியலிலேயே இருக்காது. மூன்று மேட்ச்சாக மோசமாக ஆடியதால் உட்கார வைத்தேன் என்று சொன்னாலும், அதை ஏற்காமல் விடாப்பிடியாக நிற்கும் வீரர்கள் உண்டு. இரண்டாவது குறை எனக்கு இன்னும் பெரியது. ஒருவன் ஏன் பயிற்சிக்குத் தாமதமாக வந்தான் என்று விசாரிக்கவே வழியில்லை. வீட்டில் என்ன கஷ்டமோ என்று கேட்டுவிட்டு அப்புறம் தண்டிப்பதா விடுவதா என்று முடிவு செய்யும் வாய்ப்பு இருந்திருந்தால் இந்தப் பகுதி வேறு உயரத்துக்குப் போயிருக்கும். இப்போது இருப்பது குற்றமும் அதற்கான விலைப்பட்டியலும் மட்டுமே.

டாக்டிக்ஸ் மட்டும் போதும் என்பவர்கள் டீம் டாக்கை (மேட்ச் நாளில் அணியிடம் பேசுவதை) உதவி மேனேஜரிடம் ஒப்படைத்துவிடலாம், ஆட்களைக் கையாள்வது, ஊக்கப்படுத்துவது இரண்டும் நன்றாக வரும் ஆளாகப் பார்த்து வேலைக்கு எடுங்கள். ஆனால் கேப்டனை மட்டும் நீங்களே தேர்ந்தெடுங்கள். லீடர்ஷிப் எண்ணை மட்டும் பார்த்து நேற்று வந்தவரிடம் கேப்டன் பட்டையைக் கொடுக்காமல், அணி ஏற்கெனவே யார் பேச்சைக் கேட்கிறதோ அவரிடம் கொடுங்கள்.