பழைய ஷெஃபீல்டு சவரக் கத்தி: தாராளமாக வாங்கலாம்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து வேட் அண்ட் புட்சர் நிறுவனத்தின் முத்திரை போட்ட பழைய மடக்குக் கத்தி, அகலம் 6/8 அங்குலம், கையில் எடுத்ததுமே அந்தக் கனம் பிடித்துப்போனது. முத்திரையில் ஷெஃபீல்டு என்று மட்டும்தான், இங்கிலாந்து என்ற பெயர் இல்லை. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சட்டம் போட்டதால் இது அதற்கு முந்தியதாக இருக்கலாம், ஆனால் அங்கே போகாத கத்திக்கு இந்தக் கணக்கு செல்லாது. முதலில் பார்க்க வேண்டியது முதுகைத்தான்: தீட்டும்போது கல்லில் தேய்ந்த பட்டை இரண்டு பக்கமும் ஒரே அகலத்தில், மெல்லிசாக இருக்கிறது, அருமை. அலகின் நடுவே கருத்த கறை உண்டு, பரவாயில்லை, விளிம்பில் துருக்குழி இருந்தால்தான் தொடவே கூடாது. பிடி மாட்டுக் கொம்பு. செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்காக இருந்திருந்தால் யோசித்திருப்பேன், அது சிதையும்போது வரும் ஆவி அலகையே அரித்துவிடும். தீட்டி, தோல்வாரில் இழுத்த பிறகு முரட்டுத் தாடியையும் வலிக்காமல் எடுக்கிறது. விற்றவர் பளபளப்பாக்காமல் அப்படியே தந்ததில் பெரிய சந்தோஷம், இல்லையென்றால் முத்திரை பாதி மழுங்கியிருக்கும்.