மார்ட், மினிமார்ட்: அலை உடைக்கும் இரண்டு தொட்டிகள்

அலை உடையும்போது வெடிக்கும் குமிழிகள் தெறிக்கவிடும் உப்புத்துகள்களில் நீராவி படிந்து மேகத்துளி பிறக்கிறது. அத்துகள்களில் மிகச் சிலவே பனிப்படிகத்துக்குக் கருவாகும். மேகத்துளிக் கரு, பனிக்கரு இரண்டையும் ஆய்வகத்தில் அளக்க அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவன ஆய்வாளர்கள் வடிவமைத்த தொட்டிகள் இவை: 2013-இல் வெளியான 210 லிட்டர் மார்ட் (MART, Marine Aerosol Reference Tank), 2016-இல் வந்த மினிமார்ட்.

மார்ட்டின் பலம், விட்டு விட்டு விழும் நீர்த்திரை. விழுந்த இடத்தில் வெண்ணுரை பரவும். அடுத்த திரை விழுவதற்குள் குமிழிகளின் மேல்தோல் வடிந்து மெலிந்து ஒவ்வொன்றாக உடையும். அந்த இடைவெளியில்தான் கடற்பரப்பின் கரிமப்பொருள்கள் துகளில் ஏறுகின்றன. மீன்தொட்டிக் காற்றுக்கல்லில் இது கிடைக்காது. குமிழிகள் ஏறக்குறைய ஒரே அளவில் வரும், துகள்களின் அளவும் சேர்மானமும் மாறிப்போகும்.

குறை, நீரைச் சுழற்றும் பம்புதான். நுண்பாசிகளின் மெல்லிய செல்களை அது கிழித்துவிடும். பாசியை வேறு தொட்டியில் வளர்த்து, அளக்கும் சில மணிநேரம் மட்டும் மார்ட்டில் ஊற்றுவது நல்லது.

மினிமார்ட்டில் பம்பு கிடையாது. சுழலும் நீர்ச்சக்கரம் சுமார் 6 லிட்டர் நீரில் தாரை தாரையாகக் கொட்டுகிறது. பாசி உள்ளேயே வளரும். ஆனால் துகள்கள் மார்ட்டில் வருவதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே. மேகத்துளிக் கருக்களை எண்ண அது தாராளமாகப் போதும். பனிக்கருவுக்குப் போதாது, வடிதாளில் நெடுநேரம் சேகரிக்க வேண்டியிருக்கும்.

பனிக்கரு அளவீடு பெரும்பாலும் கெடுவது கசிவால். அறைத்தூசியிலுள்ள மண்துகள், கடல்துகளைவிடப் பனி உருவாக்குவதில் பன்மடங்கு வல்லது. மேகத்துளி எண்ணிக்கையில் தெரியாத சிறு ஓட்டைகூட இங்கே முடிவையே புரட்டிவிடும். கருவிகள் உறிஞ்சுவதைவிடச் சற்று அதிகமாக வடிகட்டிய காற்றைச் செலுத்துங்கள். மிகுதி வெளியேற ஒரு துவாரம் விடுங்கள். பம்பையோ சக்கரத்தையோ நிறுத்தி வைத்து, துகள் எண்ணிக்கை பூஜ்யத்தை ஒட்டி இறங்கிய பிறகே தொடங்குங்கள். துகளின் அளவு பார்க்கும் கருவிக்குப் போகும் காற்றை 40 சதவீத ஈரப்பதத்துக்குக் கீழே உலர்த்துங்கள். சமையலுப்புத் துகளே சுமார் 45 சதவீதத்தில்தான் படிகமாகும்.

வடிதாளைக் கழுவிய நீரை 96 குழித்தட்டில் சொட்டுச் சொட்டாக இட்டு உறையவிடும்போது, காற்று படாத வெற்று வடிதாள் ஒன்றையும் அதேபோல் கழுவி உறையவிடுங்கள். முதல் வடிதாளைக் கழுவிய நீரில் இன்னொரு பங்கை 95 பாகை செல்சியஸில் 20 நிமிடம் சூடாக்குங்கள். உறையும் வெப்பநிலை அதற்குப்பின் கீழிறங்கினால், அங்கே பனியை உருவாக்கியது பெரும்பாலும் புரதம்.