நரம்பு வலி வைத்தியம்: சென்னை, இங்கிலாந்து, அமெரிக்கா, எங்க எவ்ளோ செலவு, எப்படி கவனிக்கறாங்க

இடுப்புல இருந்து கால் கட்டை விரல் வரைக்கும் சுரீர்னு இழுக்கற வலி எனக்கு வருஷக்கணக்கா இருக்கு, கீழ் முதுகெலும்புல எல்4-எல்5 எலும்புகளுக்கு நடுவுல இருக்கற டிஸ்க்லதான் பிரச்சனை. சென்னைல ஆரம்பிச்ச வைத்தியம் இப்ப இங்கிலாந்துல ஓடுது, அக்காவுக்கும் இதே பிரச்சனை, அவங்க நியூஜெர்சில இருக்காங்க. மூணு ஊர்லயும் எழுதிக் குடுத்தது ஒரே மருந்துதான், பிரீகாபலின்னு ஒரு நரம்பு வலி மருந்து. ஆனா வாங்கற விதமும் ஆகற செலவும் சம்பந்தமே இல்லாம இருக்கு.

மருந்து விலைல நம்ம ஊரை அடிச்சுக்க ஆளே இல்லங்க. ஜி.எச்.ல மருந்துக்கு காசே வாங்கறதில்ல, வெளிய வாங்கினாலும் ஜன் ஔஷதி இருக்கு, 2025 பிப்ரவரில தமிழ்நாடு அரசு 1000 முதல்வர் மருந்தகம் வேற தொறந்துருக்கு. அட்டையை வாங்கினதும் பின்னாடி திருப்பி பொடி எழுத்தை படிங்க, பிரீகாபலின் 75 எம்ஜி கூட மெத்தில்கோபாலமின் (பி12 விட்டமின்) 750 எம்சிஜினு போட்டிருக்கும், நம்ம ஊர்ல நிறைய டாக்டருங்க இப்படி ரெண்டும் சேர்ந்த காப்சூலாதான் எழுதறாங்க. இங்கிலாந்துல இது கிடைக்காது, பிரீகாபலின் தனியாதான் வரும், அதனால பிராண்ட் பேரை சொல்லி பிரயோஜனம் இல்ல, உள்ள இருக்கற மருந்து பேரையும் எம்ஜியையும் குறிச்சு வச்சுக்கணும்.

சென்னைல எனக்கு பத்தாதது டாக்டரோட நேரம். ஒரு தனியார் ஆஸ்பத்திரில (பேர் வேண்டாம்) எம்ஆர்ஐ பிலிமை லைட்ல தூக்கி பார்த்தாரு, நான் வலி எப்படி இருக்குனு சொல்லி முடிக்கறதுக்குள்ள அடுத்த டோக்கனை கூப்பிட்டாங்க, மாத்திரை எவ்ளோ நாள் போடணும், திடீர்னு நிறுத்தக்கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லல. இதை நான் சின்ன குறையா நினைக்கல, பிரீகாபலினை படிப்படியாதான் குறைக்கணும்.

இங்கிலாந்துல அதை உக்கார வச்சு சொன்னாங்க. 2019 ஏப்ரல்ல இருந்து இங்க இது கட்டுப்பாட்டு மருந்து, பொதுவா ஒரு மாசத்துக்கு மேல எழுத மாட்டாங்க. டாக்டர் பார்க்கறது இலவசம், மருந்துக்கு மட்டும் ஐட்டத்துக்கு, அதாவது சீட்டுல எழுதற ஒவ்வொரு மருந்துக்கும், 9.90 பவுண்ட், ஸ்காட்லாந்து வேல்ஸ்ல அதுவும் கிடையாது. மாசம் ரெண்டு ஐட்டம்னா வருஷத்துக்கு 237.60 ஆகும், அதுக்கு பதிலா 114.50 கட்டி ப்ரீபேமென்ட் சர்டிஃபிகேட் எடுத்துட்டா எத்தனை மருந்து வாங்கினாலும் அவ்ளோதான், மாசாமாசம் மருந்து வாங்கறவங்க கண்டிப்பா எடுங்க. ஆனா ஸ்பெஷலிஸ்ட்டை பார்க்கணும்னா காத்திருப்பு கொடுமை, வலியோட ராத்திரி தூங்காம கிடக்கறவங்களுக்கு மாசக்கணக்குல தேதி குடுக்கறதை எந்த விதத்துலயும் நியாயப்படுத்த முடியாது.

அமெரிக்கால எல்லாமே இன்சூரன்ஸ் கைலதான். ஜெனரிக் (பிராண்ட் பேர் இல்லாத) பிரீகாபலின் 2019 ஜூலைல வந்த பிறகு மாத்திரை விலை இறங்கிடுச்சு, ஆனா ஒரே தெருவுல ரெண்டு மருந்துக்கடைல ரெண்டு விலை, கூப்பன் காமிச்சா மூணாவது விலை. எம்ஆர்ஐக்கு அக்காவோட இன்சூரன்ஸ் மொதல்ல பிசியோ போய்ட்டு வான்னு திருப்பி அனுப்பிருச்சு, அந்த பிசியோவுக்கும் டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் குடுக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நாம கட்ட வேண்டிய தொகை) முடியற வரைக்கும் சொந்த காசு. பணம் செலவாகும்னு பாதியில விட்டுட்டாங்க, அதை கேட்டப்ப எனக்கு மனசே சரியில்ல.

என்னோட தீர்ப்பு, அட்டை விலையை மட்டும் வச்சு ஊரை எடை போடாதீங்க. இந்த மாதிரி வலிக்கு விடாம பிசியோ செய்ய வைக்கறவங்கதான் வேணும். அந்த வகைல 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் எனக்கு ரொம்ப பெருசா படுது, நடக்க முடியாத பெரியவங்க வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வர்றாங்க, அதுவும் இலவசமா. வீட்ல அப்படி யாராவது இருந்தா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.

துபாய் வழியா வர்றவங்க டாக்டர் சீட்டு இல்லாம பிரீகாபலின், டிராமடால் (இதுவும் ஒரு வலி மருந்து) கொண்டு வராதீங்க, அங்க ரெண்டுக்கும் கட்டுப்பாடு இருக்கு. அங்க இறங்கி தங்கறதா இருந்தா முன்னாடியே அவங்க அரசு வெப்சைட்ல அனுமதி வாங்கிடுங்க.